அழியாத முதல் வரி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவதுதான் அவளுடைய வேலை. சட்டத்தின் அளவுக்கு விளிம்பைத் தேய்த்து, கழுவி, பொருத்தி, முன்னறைக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுக்க விரலிடுக்கில் ஒட்டும் கண்ணாடித் துணுக்குகளை நினைத்து, இணையத்தில் தனக்குச் 'சில்லு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். அங்கே அவள் 'காதோடு' என்ற செய்திச் செயலியை எழுதியவள். கடையில் யாருக்கும் அது தெரியாது. சொல்லியிருந்தாலும் 'அப்படியா' என்பதற்கு மேல் பேச்சு போயிருக்காது.

காதோடு அவள் அண்ணனுக்காகப் பிறந்தது. பஸ் கண்டக்டராக இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவருக்குத் தொண்டையிலேயே கட்டி வந்து, அதை அறுத்து எடுத்ததில் குரல் போய்விட்டது. பிறகு தங்கையும் அண்ணனும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் முதலில் வைத்திருந்த செயலி, ஒரே வாரத்தில் அவருக்குத் தொண்டை ஆபரேஷன் விளம்பரங்களைக் காட்டத் தொடங்கியது.

"நாம பேசறத நடுவுல எவனோ உக்காந்து கேக்கறான்" என்று எழுதிக் காட்டினார் அண்ணன். "டிக்கெட் எடுக்காம."

சில்லு அதற்கு முன்பே கடைக்காகச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிப் பழகியிருந்தாள். எட்டு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொந்தமாக ஒரு செயலியை எழுதி முடித்தாள். அதன் நிரல் முழுவதையும் பொதுவில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். விளம்பரம் கிடையாது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்ப்பதும் கிடையாது. மூன்றாம் வருஷம், அனுப்பிய செய்தியை இரண்டு போனிலிருந்தும் ஒரே தட்டலில் அழிக்கும் வசதியைச் சேர்த்தாள். 'அடியோடு அழி' என்று அந்தப் பொத்தானுக்குப் பெயர். அதற்காகவே ஆட்கள் வந்து குவிந்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் என்று அவளுக்கே தெரியாது.

ஏழாம் வருஷத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, எந்திரத்தில் லென்ஸ் சுழன்றுகொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது.

"வணக்கங்க. நான் வீட்டிலயே தையல் வேலை செய்யறேன். உங்க ஆப்ல என் தங்கச்சிகிட்ட மட்டும் பேசுவேன். பேசினதும் அழிச்சிடுவேன். நேத்து எங்க வீட்டுக்காரர் என் போன எடுத்து கம்ப்யூட்டர்ல செருகி, நாங்க பேசினத வரிசையா படிச்சார். போன மாசம் அழிச்சதுகூட இருக்கு. எல்லாத்துலயும் முதல் வரி மட்டும். நான் வீட்ட விட்டுப் போறதுக்குத்தான் தங்கச்சிகிட்ட பேசிட்டு இருந்தேன். இப்ப அவர் குளிக்கப் போன நேரத்துல எழுதறேன். எப்படிங்க தெரிஞ்சுது? நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டனா?"

'முதல் வரி மட்டும்' என்ற இடத்தைச் சில்லு மறுபடியும் படித்தாள். ஐந்து வாரங்களுக்கு முன், செய்தி வந்த அறிவிப்பு திரையில் சட்டென்று தெரியட்டும் என்று, ஒவ்வொரு செய்தியின் முதல் வரியையும் போனுக்குள் தனியே ஒரு கோப்பில் எடுத்து வைக்கும்படி மாற்றியிருந்தாள். அழிக்கும் பொத்தானுக்கு அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டாளோ? அவள் நின்றது நின்றபடி இருக்க, எந்திரம் லென்ஸைத் தின்றுகொண்டே போனது.

வயிற்றுவலி என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அண்ணனின் போனை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகி அந்தக் கோப்பைத் திறந்தாள். ஐந்து வாரப் பேச்சும் வரிசையாக நின்றது. 'சாப்டியா.' 'மாத்திரை தீந்துடுச்சு.' 'மாடி வீட்டுக்காரன் மறுபடியும் தண்ணிய தொறந்து விட்டுட்டுப் போய்ட்டான்.' எல்லாம் அவர் என்றோ அழித்தவை.

அண்ணன் எட்டிப் பார்த்து, "இதுல திருடறதுக்கு என்ன இருக்கு" என்று எழுதிச் சிரித்தார். அவள் தையல்காரியின் கடிதத்தைக் காட்டினாள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

உடனே பதில் எழுத உட்கார்ந்தாள். 'தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது' என்று தொடங்கி நாலு வரி எழுதிய பிறகுதான் உறைத்தது. போன் கணவன் கையில் இருந்தால் இந்தப் பதிலையும் அவன்தான் படிப்பான். தையல்காரி புகார் எழுதியதே அவனுக்குத் தெரிந்துபோகும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேறு ஒரு முகவரியிலிருந்து, ஒரு வாடிக்கையாளர் மாதிரி எழுதினாள்: "தைக்கக் குடுத்த சட்டை எப்ப கிடைக்கும்?"

பிழையைச் சரி செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. புதிய பதிப்பைத் திறந்ததும் அந்தக் கோப்பு முதலில் அழிந்துபோகும்.

அண்ணன் மேஜையைத் தட்டி அவளைத் திரும்பிப் பார்க்க வைத்து, எழுதிக் காட்டினார். "சரி பண்ணிட்டல்ல. அதோட விடு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத. கேஸு கீஸுன்னு வந்தா நீ தாங்க மாட்ட."

காதோடுவை அவளோடு சேர்ந்து பராமரிப்பவர் வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார். ஆந்தை என்ற பெயரில் எழுதுவார். நேரில் பார்த்ததில்லை. அன்று கூப்பிட்டுப் பேசினாள்.

"சத்தமில்லாம வெளியிட்டுடலாம்" என்றார் ஆந்தை. "ஒரு வாரத்துல பெரும்பாலானவங்க அப்டேட் பண்ணிடுவாங்க. அப்புறமா விவரமா சொல்லுவோம். இப்பவே சொன்னா, அடுத்தவங்க போனத் துழாவறவனுக்கு எங்க துழாவணும்னு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும்."

அதில் நியாயம் இருந்தது. 'அறிவிப்புகளின் வேகம் கூட்டப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதிப் புதிய பதிப்பை வெளியிட்டாள். ஏழு வருஷத்தில் காதோடுவில் அவள் எழுதிய முதல் பொய் அது.

மறுநாள் காலை வாடிக்கையாளர் முகவரிக்குப் பதில் வந்திருந்தது.

"இனிமே தையல் கிடையாது. இந்த நம்பருக்கோ மெயிலுக்கோ யாரும் வரக் கூடாது."

இது தையல்காரி எழுதியதில்லை. அவளுடைய மரியாதையான 'ங்க' எதுவும் அதில் இல்லை. சில்லு கடையின் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் தெரியாது, தெரு தெரியாது, பெயரும் தெரியாது. யாரைப் பற்றியும் எதையும் தெரிந்து வைத்துக்கொள்ளாத செயலி என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டவளுக்கு, போலீசிடம் போய் நின்றாலும் சொல்ல ஒரு சொல் இல்லை.

மதியம் இன்னொன்று வந்து சேர்ந்தது. நிரலைப் படித்துப் பார்க்கும் யாரோ ஒருவர், எல்லாரும் பார்க்கும் இடத்தில் கேட்டிருந்தார்: "முதல் வரிக் கோப்பை ஏன் மொத்தமாக அழிக்கிறீர்கள்? இது வேகத்துக்கான மாற்றம் மாதிரி தெரியவில்லையே?"

"கேள்விய தூக்கிடு" என்று ஆந்தை செய்தி அனுப்பினார். "உடனே."

"தூக்கினா இன்னும் பத்து பேர் வந்து பாப்பாங்க."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"உண்மைய சொல்லப்போறேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு மூணு மணி நேரம் வேணும்."

அவளுக்குப் போனில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் வேப்பங்காய். அன்று கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டை விட்டு வந்த பெண்களைத் தங்க வைக்கும் விடுதிகளின் எண்களைத் தேடி எடுத்து, முன்கூட்டியே எச்சரிப்பதற்காக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். பதினோரு இடம். நாலு பேர் விற்பனைக்காரி என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஒரு விடுதிக் காப்பாளர் மட்டும் முழுக்கக் கேட்டார்.

"காதோடா? எங்ககிட்ட இருக்கற ஆறு பேர் அததான் வெச்சிருக்காங்க. நான்தான் போட்டுக் குடுத்தேன்." பேனா எடுக்கும் சத்தம் கேட்டது. "நீங்கதான் செஞ்சீங்களாம்மா இத?"

"ஆமாங்க. நான்தான்."

"சரி. என்ன பண்ணணும்னு மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அந்தக் காப்பாளரே மற்ற விடுதிகளுக்கும் தகவல் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு பொதுவில் எழுதினாள். என்ன பிழை, எந்த நாளிலிருந்து, யார் செய்தது, இப்போது என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும். 'வேகம் என்று நேற்று எழுதியது பொய்' என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அனுப்பும்போது அண்ணன் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

திட்டுகள் மழையாகக் கொட்டின. லென்ஸ் தேய்க்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருவன் கேட்டபோது, தான் யார் என்று எப்படித் தெரிந்தது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரம் அவள் தெருவில் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புதிதாக ஐந்து பேர் நிரலைச் சோதிக்க முன்வந்தார்கள். கேள்வி கேட்ட அந்த ஆளும் அதில் ஒருவர். அதெல்லாம் அவள் மனதில் ஏறவே இல்லை. தினமும் மின்னஞ்சலைத் திறந்து தையல்காரியிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

இருபத்திரண்டாம் நாள் வந்தது. தங்கையின் முகவரியிலிருந்து.

"நான்தாங்க, தையல் வேலை செய்யறவ. தங்கச்சி வீட்ல இருக்கேன். அவர் ஒம்பது நாள் கதவப் பூட்டிட்டுப் போய்ட்டு வந்தார். இடது கை மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க தச்ச துணிய கேட்டு வந்து சத்தம் போட்டாங்க, அப்பதான் வெளிய வந்தேன். நீங்க எழுதினத தங்கச்சி படிச்சுக் காட்டினா. நான் தப்பா அமுக்கலன்னு தெரிஞ்சுது. அது போதும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த பட்டன்ல 'அடியோடு அழி'ன்னு எழுதியிருக்கு. அத நம்பித்தான் எழுதினேன். அத மாத்திடுங்க."

சில்லு அதை அண்ணனிடம் காட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். உடைந்த மணிக்கட்டோடு தைக்க முடியுமா என்று கேட்டு ஒரு பதில் எழுதி, அனுப்பத் தைரியமில்லாமல் விட்டாள். கடைசியில் 'மாற்றிவிடுகிறேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்' என்று மட்டும் அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை.

இப்போது அந்தப் பொத்தானில் 'உரையாடலிலிருந்து நீக்கு' என்று இருக்கிறது. அதைத் தொட்டால், போனில் வேறெங்காவது சுவடு இருக்கலாம், கவனம் என்று இரண்டு வரி வரும். அழகாக இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன் அவளும் ஆந்தையும் மற்ற ஐந்து பேரும் தனித்தனியாகப் போன்களைத் திறந்து துழாவுகிறார்கள். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகும் அவள் விரல் வெளியிடும் பொத்தானுக்கு மேல் நின்றுவிடுகிறது. ஒரு நாள் அண்ணன் எதிரே உட்கார்ந்து, "இன்னுமா பயப்படற?" என்று எழுதிக் காட்டினார்.

"ஆமாண்ணே" என்றாள் அவள், வாய்விட்டே. பிறகு அழுத்தினாள்.