அழுத்தினால் நகராத பட்டைகள்

1. கறிபஃப் ஒர்க்‌ஷாப்

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் டேட்டா லேப் என் பொறுப்பு. எண்களை வரைபடமாகக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை மாணவர்களுக்குப் பழக்கிவிடுவதுதான் வேலை. ஒருநாள் துறைத்தலைவர் டாக்டர் செல்வம் கூப்பிட்டார்.

"லதா, ஸ்டூடண்ட்ஸ் யூஸ் பண்றாங்கன்னு காட்டினாத்தான் மேலிடத்துல லைசென்ஸ் ரெனியூ பண்ணுவாங்க. இல்லன்னா இந்த போஸ்ட்டே இருக்காது லா."

போஸ்ட் என்றால் நான்தான். அன்று புக்கிட் மேரா வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே இலவச ஒர்க்‌ஷாப் வைத்தேன், வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு அடைத்த கறிபஃப். கறிபஃப் தீர்ந்த வேகத்தைப் பார்த்து நம்பிக்கை பிறந்தது. லாகின் எண்ணிக்கையும் ஏறியது. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்.

2. பஃபலோ ரோடு

செமஸ்டர் முடிவில் பிரசன்டேஷன். லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தெருவாரியாகப் பட்டைகளாகக் காட்டியிருந்தாள் மாணவி ஹரிணி. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு.

"பஃபலோ ரோடை க்ளிக் பண்ணு. அதை மட்டும் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அழுத்தினாள். ஒன்றும் நகரவில்லை.

"ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல சார். அது வெறும் படம்."

"படம்னா?"

"எக்செல்ல சார்ட் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இதுக்குள்ள ஒட்டிட்டேன் சார்."

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே ஒட்டியிருந்தார்கள். நான் பெருமையாகக் காட்டிய அத்தனை லாகினும் ஒட்டுவதற்காக நடந்தவை.

வெளியே வந்ததும் ஹரிணியைப் பிடித்தேன். "ஏம்மா, அவ்வளவு சொல்லிக் குடுத்தேனே?"

"மிஸ், ரிப்போர்ட்டை பிடிஎஃப்பாத்தானே சப்மிட் பண்ணச் சொல்றீங்க? அதுல எதை க்ளிக் பண்ணாலும் நகராது. ஆனா டூல் யூஸ் பண்ணாத்தான் மார்க். ஒட்டிட்டா ரெண்டும் செட்டில் லா."

கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. பிள்ளை சொன்னதில் பிழை எதுவும் இல்லை. டாக்டரிடம் போய், இனிமேல் ரிப்போர்ட்டை லிங்க்காக வாங்கிக்கொள்ளலாமே, க்ளிக் செய்தால் நகரும் என்றேன்.

"லிங்க்கை எப்படி ஃபைல் பண்றது? பிடிஎஃப்தான் சேஃப்" என்றார்.

3. மேலிடம்

லைசென்ஸ் கூட்டத்துக்கு முன்தினம் டாக்டர் பரபரப்பாக வந்தார்.

"லாகின் டேஷ்போர்டை ரெடி பண்ணுங்க. ஆனா லைவா வேணாம், வைஃபை காலை வாரிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைட்ல ஒட்டிடுங்க."

"யாராச்சும் க்ளிக் பண்ணச் சொன்னா, சார்?"

"மேலிடத்துல யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

ஒட்டிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஏறுமுகமாக நின்ற பட்டைகளைப் பார்த்துக் கை தட்டினார்களாம். லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது, என் வேலையும் தப்பியது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர்களுக்குப் புது டூல் பழக்குவதற்கு முன், அவர்கள் செய்து தருவதை நீங்கள் எப்படி வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்று பாருங்கள். அது மாறாதவரை கறிபஃப்தான் தீரும்.

டாக்டர் க்ளிக் பண்ணச் சொன்னது ஹரிணியிடம்தான் என்பதால் அவளுக்கு மட்டும் மார்க் குறைந்துவிட்டது. அதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை. 'வரைபடம் க்ளிக் செய்தால் இயங்கவில்லை' என்று காரணம் எழுதி அனுப்பியிருந்தார் டாக்டர், பிடிஎஃப்பில்.