காஸ் துணியில் கட்டிய பேனா

அம்மாவின் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக் காயம் ஒன்பதாம் நாள் வாய் திறந்துகொண்டது. வடிந்த சீழ் பச்சை கலந்த மஞ்சள்; பூச்சாடியில் நாள்பட நின்ற தண்ணீரைப் போல நாறியது. ஏறக்குறைய எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. மிச்சமிருந்தது ஒரே மருந்து. அதுவும் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது.

“இன்னொரு கிருமி உள்ள போனா அவங்க உடம்பு தாங்காது,” என்றார் மருத்துவர். அம்மாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள்.

அறை வாசலில் கை கழுவும் தொட்டி. அதை அடுத்து ஒரு மேசை, மேசைமேல் பதிவேடு. பெயர், நேரம், கை கழுவியாயிற்றா என்று மூன்று கட்டங்கள். எவரும் எடுத்துப் போய்விடாதபடி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் பேனாவை மேசைக்காலோடு கட்டியிருந்தார்கள். கல்லூரிக் குறிப்பேட்டை எழுதும் அதே கவனத்தோடு நான் அந்தக் கட்டங்களை நிரப்பினேன். துணைக்குத் தங்கவயலிலிருந்து வந்திருந்த சித்தி, விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு போவார். அதற்காக அவரைக் கடிந்தும் கொண்டேன்.

“சர்ச்சுக்குப் போறப்பகூட நீ இவ்ளோ சுத்தமா போனதில்லையேடி,” என்றார் சித்தி.

தனி அறைக்கு வந்த நான்காம் நாள் காலை, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அது விரலில் ஒட்டியது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். பிடிக்கும் இடத்தில் பல பேருடைய விரல் அழுக்கு கறுத்துக் கெட்டிப்பட்டிருந்தது. பின்முனையை யாரோ கடித்திருந்தார்கள். துணி தேநீர் நிறத்துக்கு வந்து, ஓரிடத்தில் பழுப்பாக விறைத்திருந்தது. மூன்று நாட்களாக இதைத் தொட்ட கையால்தான் அம்மாவின் உதட்டைத் துடைத்திருக்கிறேன். அங்கே வந்த செவிலியரிடம் பேனாவைக் காட்டினேன்.

“கழுவின கையால இதைத் தொட்டுட்டு உள்ள போறோம், சிஸ்டர்.”

“டிக் இல்லன்னா எனக்குத்தான் திட்டு விழும் மேடம்,” என்றார் செவிலியர்.

“பாவம், பேனாவுக்கும் ஒரு பெட் போட்டுடுங்க,” என்றார் சித்தி.

அன்றுமுதல் சித்தியும் நானும் முதலில் டிக் செய்துவிட்டுப் பிறகு கழுவினோம். கழுவுமுன்பே கழுவியதாகச் சொல்லும் அந்தப் பொய்தான் அம்மாவுக்குப் பாதுகாப்பாக இருந்தது. மற்றவர்கள் பழையபடியே வந்துபோனார்கள்.

ஆறாம் நாள் அம்மாவுக்குக் குளிர்ஜுரம். இரண்டாவதாக ஒரு கிருமி. அதைக் கொண்டுவந்தது பேனாதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மருத்துவர் கை கழுவிவிட்டு வந்து பதிவேட்டைப் புரட்டினார். ஒரு கட்டமும் காலியாக இல்லை. முதல் மூன்று நாட்களில் என் எழுத்தே எல்லாவற்றிலும் அழகாக இருந்தது.

“எல்லாரும் கழுவித்தானே போயிருக்காங்க,” என்றவர், அந்தப் பேனாவாலேயே தன் பெயரையும் எழுதி, டிக் செய்துவிட்டு, காயத்தைப் பார்க்கக் கதவைத் தள்ளினார்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. கதவை மறித்து நின்றேன். “மறுபடி கழுவிட்டுப் போங்க, டாக்டர்.”

செவிலியர் முறைத்தார். மருத்துவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், திரும்பிப் போய்க் கழுவினார். அவர் உள்ளே போனதும், செவிலியரிடம் கட்டுப் பிரிக்கும் கத்தரியை வாங்கித் துணியை வெட்டி, பேனாவை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

இரண்டாவது கிருமிக்கு நல்லவேளையாக மருந்து இருந்தது. அம்மா வீடு திரும்ப மேலும் ஐந்து வாரங்கள் ஆயின. மேசைக்காலில், நான் வெட்டிப்போட்ட மறுநாளே, வேறொரு பேனா கட்டியிருந்தது. துணி புதியது, நல்ல வெள்ளை.