குன்றின் விளிம்பில் அம்மா கட்டிய பாத்திகள்

இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மா சிரித்தபடி நிற்கிறார். பின்னால் கடல். அவர் காலடியில் தெரியும் புல்தரை இப்போது இல்லை. படம் எடுத்த அடுத்த மழைக்காலத்தில் இடிந்து கடற்கரையில் விழுந்துவிட்டது. அவ்வளவு அழகான ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். அம்மா யாருக்கும் பதில் சொன்னதில்லை. அப்பாவின் சம்மதத்தோடு நான் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது வடகரப்பதியில், மழை குறைந்த கடலைக்காட்டில். விழுகிற தண்ணீர் வேலியைத் தாண்டக் கூடாது என்பது அவர் பிறந்த வீட்டின் சட்டம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகி நான் பிறந்த பிறகு எங்கள் கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணறு போட்டோம், புழுதிதான் வந்தது. அப்போதுதான் அப்பாவுக்கு வர்க்கலாவில், கடலோரச் செம்மண் குன்றின் மேலிருந்த ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

டீ முதல் இளநீர் வரை எல்லாமே யானை விலை விற்கும் ஊர் அது. ஜன்னலில் கடல் தெரியும் அறைக்காகப் பலர் வரிசையில் நிற்பார்கள். அதே கடலைப் பார்த்துக்கொண்டுதான் அம்மா பாத்திரம் விளக்கினார். எங்கள் இரண்டு அறைகளும் விளிம்பை ஒட்டியிருந்தன. பருந்துகள் எங்களுக்குக் கீழே பறந்தன. "நம்மூர்ல பருந்தோட வயித்தத்தான் பாத்திருக்கறோம். இங்க முதுகத் தடவலாமாட்ட இருக்குது பாரு கண்ணு" என்பார் அம்மா. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெருமாட்டியிலிருந்து வந்த அத்தை, "ராணியாட்டமல்ல இருக்கறே, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குதா?" என்று கேலி செய்ய, அம்மா வெட்கப்பட்டது நினைவிருக்கிறது.

முதல் மழையிலேயே அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "இத்தன தண்ணியும் உப்புல போயி உளுகுதுங்களே, பாவமில்லீங்களா?" என்று அப்பாவிடம் புலம்பினார். பிறகு மண்வெட்டி எடுத்து, விளிம்போரத் தென்னைகளைச் சுற்றி அகலமாக வட்டப்பாத்தி வெட்டி, கரை கட்டி நீரைத் தேக்கினார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். குலை தள்ளியதும் விடுதிக்காரர் பாராட்டினார்.

பக்கத்து வீட்டுச் சேச்சி மட்டும் வேலிக்கு அப்பால் நின்று, "வெள்ளம் கெட்டி நிறுத்தல்லே, குன்னு இடியும்" என்றார், தண்ணீரைக் கட்டி நிறுத்தாதே என்று. அம்மா உள்ளே வந்து, "தண்ணியோட அருமை தெரியாத சனம்" என்றார்.

அடுத்த ஆண்டு சமையலறைக் கதவு சாத்த வரவில்லை. தரையில் தலைமுடி போல ஒரு கோடு ஓடியது. அப்பா சிமெண்ட் பூசினார். கோடு மறுபடி வந்தது. ஒரு தென்னை கடல் பக்கம் சாய்ந்தது. காற்றின் வேலை என்று நினைத்தோம்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. மழை நிற்கவே இல்லை, ஆனால் பாத்திகள் காலியாகக் கிடந்தன. "மண்ணு எப்பிடிக் குடிக்குது பாருங்க!" என்று அம்மா மகிழ்ந்தார். பிறகு ஏதோ உறுத்த, கடற்கரைக்கு இறங்கும் படியில் போய்ப் பார்த்தார். குன்றின் பாதி உயரத்தில் செந்நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது.

ஓடி வந்து கரைகளை வெட்டிவிட்டார். "ஏனுங்க, கெளம்புங்க" என்றார்.

"விருந்தாளி வர்ற நேரத்துல என்ன புள்ள கூத்து? வேல போயிட்டா ஊர்ல எதத் திங்கறது?"

"நாந்தானுங்க பண்ணுனேன். எம்பேச்சக் கேளுங்க."

அப்பா கேட்கவில்லை. அம்மா என்னைச் சேச்சி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அப்பா சமையலறையில் மறுபடி அந்தக் கோட்டைப் பூசிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே நுழைந்து, அவர் கையிலிருந்த சாந்துக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து சாலைப் பக்கம் வீசினார். கோபத்தோடு அதை எடுக்கத்தான் அப்பா வெளியே வந்தார். குனிந்தவர் நிமிர்வதற்குள் பின்னால் சமையலறை இல்லை. பெரிய சத்தம்கூட இல்லை, லாரியிலிருந்து மூட்டை சரிந்த மாதிரி.

ஊர் திரும்பியதும், "ராணிய மொதலாளி தொரத்திட்டானாக்கும்" என்றார்கள். அம்மா மறுக்கவில்லை. முதலமடை மாங்காய் மண்டியில் தரம் பிரித்து என்னைப் படிக்க வைத்தார். சிவில் முடித்ததும் அவருக்கு விளக்கினேன்: கீழே கடல் அரிப்பு, செம்பாறைக்கு அடியில் களிமண், விளிம்பில் கட்டடப் பாரம், மேலே தேங்கிய நீர். நான்கு காரணங்கள் சேர்ந்தால்தான் இப்படிச் சரியும்.

"மத்த மூணும் ஆருன்னு எனக்குத் தெரியாது கண்ணு. ஒண்ணு நானு" என்றார்.

அதன்பிறகு மழை பெய்தால் அவர் தூங்கியதில்லை. சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்திலும் வெளியே மழை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "செவுத்தோரம் உக்காராதீங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கட்டிலை நடுவில் நகர்த்திப் போட்டோம். அங்கேயே அமைதியாகக் கண்மூடினார்.

மாற்றுத்துணி தந்து பேருந்து ஏற்றிவிட்ட சேச்சி குடும்பத்தார், மருத்துவமனையில் முறைவைத்துக் காவலிருந்த மண்டித் தோழியர், ரத்தம் கொடுத்த மாமன் மக்கள், சோறு பொங்கிக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாத்தி கட்டியதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாங்கண்ணு, இருக்கட்டும்" என்றார். "அவ வெட்டுனதும் தெரியோணும். வெட்டுனவளே திரும்பி உள்ள வந்தாளே, அதும் தெரியோணுமல்ல."