பலகையில் டோக்கன், கீழே ஆள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவனுக்கு இடது காது கேட்காது. சுரங்க ஆட்கள் டோக்கன் மாட்டும் பலகை அவன் பொறுப்பு.

பெங்களூரிலிருந்து வந்த சூப்பர்வைசர். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

போனில் என் மகள். அவளையும் சேர்த்தால் நான்கு பேர்.

சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள், கீழே, பதினொரு பேர்.

தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம் அது. பாலகாட் பக்கம் ஒரு ஷாஃப்டில் இரும்புக் குழாய்களையும் தண்டவாளத்தையும் கழற்றி மேலே கொண்டுவர ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ஆள் எடுத்தது. பம்புகள் பாதி நின்றுவிட்டதால் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எட்டு மிதவைகள் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் ஒயர் மேலே ஒரு கம்ப்யூட்டருக்கு வரும். தண்ணீர் குறியைத் தொட்டால் கம்ப்யூட்டர் கீழே மணி அடிக்கும். ஆட்கள் ஏறி வரவேண்டும்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் எட்டாவது வரை படித்தவன். அதற்குமுன் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடிக்கும் பெல்மேனாக இருந்தேன். மணி அடித்தவனே மணியைப் பார்க்கட்டும் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மிதவைகளோடு பேசும் புரோகிராமை எழுதியவள் என் மகள். அந்தக் கம்பெனியின் பெங்களூர் ஆபீசில் அவளுக்கு முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் இரண்டு முறை அப்படியே உறைந்துபோனது. மணி அடிக்காது. யாருக்கும் தெரியாது. மிதவை ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகும் கார்டு விற்றவன், உங்கள் புரோகிராம்தான் கெட்டது என்றான். மகள், அவன் கொடுத்ததுதான் கெட்டது என்றாள். யார் தப்பு என்று சாயங்காலத்துக்குள் தெரியவேண்டும் என்று அவளுடைய மேலாளர் சொல்லிவிட்டார். தப்பு அவளுடையது என்றால் வேலை இல்லை. அதையும் சொல்லிவிட்டார்.

காலை பத்து மணிக்கு போன் வந்தது.

"ப்பா, நான் சொல்றத மட்டும் பண்ணு. கெர்னல, அதான் மிஷினோட அடிப்படை புரோகிராம, மறுபடியும் கட்டணும். உள்ள ஒரு காவல் போடப்போறோம்."

"இன்னா காவல்?"

"டோக்கன் மாதிரிதாம்ப்பா. புரோகிராம் மெமரில கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடும். குடுத்தப்புறம் அந்த இடத்த தொடக்கூடாது. யாரோ தொட்றாங்க. அது யாருன்னு தெரியல."

"தொட்டா உடனே தெரியாதா?"

"தெரியாது. பழைய சாமான் அங்கேயேதான் கிடக்கும். தொட்டவன் ஒண்ணும் ஆகாதமாரி வேலை பண்ணிகினு இருப்பான். எப்பவாச்சும் அந்த இடத்த வேற ஒருத்தன் வாங்கியிருப்பான் பாரு, அப்பதான் எல்லாம் நின்னுபோகும். இப்ப இன்னா பண்றோம்னா, திருப்பிக் குடுத்த இடம் பூரா விஷம் தடவி வைக்கச் சொல்றோம். தொட்டவன் அங்கேயே விழுவான்."

விஷம் என்று அவள் சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது. அதுதான் அதற்குப் பெயராம்.

நீலத் திரை வந்தது. அம்புக்குறி போட்ட பட்டனைத் தட்டித் தட்டிக் கடைசி வரிக்குப் போனேன். உள்ளே இன்னொரு பட்டியல். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மெமரி என்று தொடங்கும் சொல் வந்ததும் அவள், "அதான், அதான், ஸ்பேஸ்பார் தட்டு" என்றாள். தட்டினேன். கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம் விழுந்தது. வெளியே வரும்போது சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

கட்டி முடிக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா வூட்ல மாட்டுக்கறி வேகறதுக்குள்ள இது வெந்துடுமா மாமா?" என்றான் மச்சான்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் மகள் எனக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தாள். மிஷின் விழுந்தால் திரை நிறைய எண் வரும். அதில் ஒரு வரி, எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும். சி பூஜ்யம் என்று தொடங்கினால் கார்டு விற்றவன் எழுதியது. அது கெர்னலோடு சேர்த்துக் கட்டியது. சி எட்டு என்று தொடங்கினால் தனியாக ஏற்றியது.

"தனியா ஏத்தினது யாருது?"

"என்னுது."

சூப்பர்வைசருக்கு இது தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னாள்.

மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். புதுக் கெர்னல் ஏறியது. எட்டு மிதவையும் வந்தன.

"மாமாவ மூணாம் நம்பர் ஒயரைப் பிடுங்கச் சொல்லுப்பா."

மச்சான் பிடுங்கினான். அந்த ஒயரை எத்தனையோ முறை பிடுங்கி மாட்டியிருக்கிறோம். ஒன்றும் ஆனதில்லை. இந்த முறை நான் ஒரு மூச்சு விட்டு இன்னொன்று இழுப்பதற்குள் திரை முழுக்க எண்கள். மிஷின் செத்துவிட்டது.

 அந்தத் தப்பு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. இவ்வளவு நாளாக.

கடைசி வரியில் ஏ, ஐ, இ, இ என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"இன்னா மாமா, மிஷினே ஐயோன்னு கத்துது?" என்றான் மச்சான்.

"ஏனாய்த்து? என்னாச்சு? என்ன வந்திருக்கு, படிங்க" என்றார் சூப்பர்வைசர்.

மேல் வரியிலிருந்து படித்தேன். ஐந்து ஏ. ஐந்து ஏ. ஐந்து ஏ. ஐந்து ஏ.

"அதாம்ப்பா விஷம்" என்றாள் மகள். குரல் இறங்கிவிட்டது. "திருப்பிக் குடுத்த இடத்ததான் தொட்டிருக்கு. இப்ப அந்த வரியப் படி. எங்க விழுந்துதுன்னு."

பார்த்தேன். சி எட்டு.

பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான். பழைய மானிட்டர். கண் சரியாகத் தெரியவில்லை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். மிஷினை அணைத்துவிட்டால் அந்த எண் எங்கும் இருக்காது. அவளுக்கு இன்னும் ஒரு மாதம் போதும்.

ஜன்னலுக்கு வெளியே டோக்கன் பலகை. கீழே போகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் மாட்டுவான். பதினொரு ஆணி காலியாக இருந்தது.

"சி எட்டு" என்றேன். மீதி எண்களையும் படித்தேன்.

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"ப்பா. என்னுதுதான்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஒயர் அறுந்தா அந்த மிதவையோட இடத்த திருப்பிக் குடுத்துட்றேன். ஆனா அதுக்கு ஒரு டைமர் வச்சிருந்தேன். நொடிக்கு ஒருதரம் உள்ள போய்ப் பார்க்கும். அது இன்னும் உள்ளயே சுத்திகினு இருக்குது. அத நிறுத்திட்டுத்தான் குடுத்திருக்கணும். நான் பார்க்கவேயில்ல. டோக்கன் மாட்டியாச்சுன்னா ஆள் மேல வந்துட்டான்னுதானே அர்த்தம்? நீதானேப்பா சொல்லுவ, பலகையப் பாத்தா போதும், கீழ எவனும் இல்லைன்னு தெரிஞ்சிடும்னு. அப்படியே நினைச்சு எழுதிட்டேன்."



அப்படித்தான் சொல்லியிருந்தேன். சின்ன வயதில் அவளுக்கு, சோறு சாப்பிடும்போது. அது பொய்.

நான் கீழே இறங்கி வேலை செய்த காலத்தில் எங்கள் கும்பலில் ஒரு பழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் தங்கம் மறைத்திருக்கிறோமா என்று உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அதற்கு நீள வரிசை. டோக்கன் மாட்டிய வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். அதனால் முதல் கேஜில் ஏறுகிறவன் கையில் மற்றவர்கள் டோக்கனைக் கொடுத்தனுப்புவார்கள். அவன் எல்லாவற்றையும் மாட்டிவிடுவான். அவர்கள் அடுத்த கேஜில் வந்து நேரே முன்னால் நிற்பார்கள். எல்லாரும் செய்தோம். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் முதல் கேஜில் ஏறியவன் நான். அன்று கொடுத்தனுப்பியது மச்சான் ஒருவன்தான், அவன் டோக்கனை மாட்டியவனும் நான். அடுத்த கேஜ் பழுதாகி நின்றுவிட்டது. பலகை நிறைந்திருந்தது. கீழே யாரும் இல்லை என்று வெடி வைத்துவிட்டார்கள்.

அவன் ஒரு வளைவுக்குப் பின்னால் இருந்தான். அதனால் காது மட்டும் போனது.

உண்மை தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். டிரில்லிங் மிஷின் சத்தத்தில் காது போனது என்று வீட்டில் சொன்னோம். என் மனைவிக்கும் அதுதான் தெரியும். அதன்பிறகுதான் நான் பெல் வேலைக்குக் கேட்டு மாறினேன். அவனும் நானும் அதைப்பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

போனைக் காதிலிருந்து எடுத்தேன். மச்சானைப் பார்த்தேன். அவனுக்கு அவள் பேசியது கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா? பொண்ணு இன்னா சொல்லுது?"

"டோக்கன் மாட்டிட்டா ஆள் மேல வந்துட்டான்னு நான் சொன்னேனாம். அத நம்பி எழுதிட்டேன்னு சொல்லுது."

அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "சொல்லிடு மாமா" என்றான். "கொழந்தைதானே. சொல்லிடு."

சூப்பர்வைசர் நிற்கும்போதே போனில் அவளிடம் சொன்னேன். யார் மாட்டியது, யார் கீழே இருந்தது, எல்லாம். நாலைந்து வாக்கியம். அதற்குமேல் இல்லை.

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. "மாமாகிட்ட போனக் குடு" என்றாள். கொடுத்தேன். அவன் வலது காதில் வைத்துக்கொண்டான். "ஆமா... ஆமா... அதெல்லாம் ஒண்ணுமில்ல, இந்தக் காது நல்லா கேக்குது, நீ கத்தாத" என்றான்.

சூப்பர்வைசர் என்னிடம், "கீழே இருக்கிறவங்களை மேலே வரச்சொல்லுங்க" என்றார். நான் போய் மணியைக் கையால் அடித்தேன்.

அன்று மாலையே அவள் திருத்தி அனுப்பினாள். ஒரே ஒரு வரி. டைமர் முழுக்க நின்றதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். தப்பு தன்னுடையது என்று கடிதமும் அவளே எழுதினாள். மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் எழுதிய வரியை வைத்துக்கொண்டார்கள். ரயிலிலிருந்து ஒரு பையோடு இறங்கினாள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

காவலை எடுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எடுக்கவில்லை. தினமும் காலையில் மூன்றாம் நம்பர் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பேன். மிஷின் விழவில்லை. ஒருநாள் தண்ணீர் குறியைத் தொட்டது. மணி அடித்தது. ஆட்கள் ஏறி வந்தார்கள்.

அன்றோடு வேலை முடிந்தது. மச்சான் பலகையில் எல்லா டோக்கனும் மாட்டியாகிவிட்டது என்றான். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு வெளியே போய், வரிசையில் நின்றவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டு, ஆட்களை எண்ணினேன்.

பதினொன்று.