வயலை விற்க மறுத்தவர்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் என் மளிகைக் கடைக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இந்தோனேசியப் பெண் வருவார். ஓர் அரபி வீட்டில் சமையல் வேலை. ஐம்பது வயதிருக்கும், குள்ளமான உருவம். எந்த அரிசி மூட்டையைக் கண்டாலும் ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார்.

ஒருநாள் கடையிலேயே போனில் கோபமாகப் பேசி முடித்தார். என்னவென்று கேட்டேன். பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் சொன்னார்.

"தம்பி வயலை விக்கணுங்கிறான், பாய். எங்க சுமத்ரா மலையூர்ல வயல் பொம்பளைங்களுக்குத்தான். என் கையெழுத்து இல்லாம முடியாது. போடமாட்டேன்னுட்டேன். கலாஸ், அவ்வளவுதான்."

எங்கள் காயல்பட்டினத்திலும் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். என் கடையைப் பெரிதாக்கத் தன் வீட்டை விற்க மறுத்த தங்கையோடு நான் பேசி நான்கு மாதமாகியிருந்தது.

அவர் பேரீச்சம்பழம் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். யாருக்கு என்றேன்.

"தம்பிக்குத்தான். என் ஊர்க்காரி லீவுல போறா."

"இப்பத்தானே சண்டை போட்டீங்க?"

"வயல் தரமாட்டேன்னேன். தம்பியே வேணாம்னு நான் சொல்லலையே!"

அன்று மதியம் தங்கைக்குப் போன் செய்தேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, சாப்பிட்டியளா?" என்றாள், நேற்றும் பேசியவளைப் போல. இந்தப் பெண்களுக்கு இது எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.