ஓலையில் ஒட்டின கருப்பு

எனக்கு எழுபத்திமூணு வயசு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெத்தது, ரெண்டு செத்துப்போன என் தங்கச்சி பெத்தது. எண்ணூர்ல எங்க வூட்டுக்குப் பின்னால நிக்கிற அஞ்சு தென்னையும் நான் வெச்சதுதான். தேங்கா வித்தும், ஈர்க்குல துடப்பம் கட்டியும்தான் அந்த ஆறு வயிறும் ரொம்பிச்சி.

எங்க பக்கத்துல எது கருத்தாலும் சாம்பல்னுதான் சொல்லுவோம். கொடித்துணி, காயப்போட்ட வடாம், புள்ளைங்க மூக்கு, எல்லாம் கரண்டு கம்பெனி புகைக்கூண்டு வேலை. வேற காரணம் யோசிச்சதே கிடையாது. ரெண்டு வருஷம் முன்ன ஓலை கருத்தப்போ நானும் அப்படித்தான் நெனச்சேன். பைப்பு புடிச்சிக் கழுவினேன், போகல. சாம்பல்னா ஊதினா பறக்கும். இது பிசுபிசுன்னு ஒட்டிக்கினு கெடந்துச்சி. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். கோவம்தான் வந்துச்சி.

ஒரு ஓலையை வெட்டித் தோள்ல போட்டுக்கினு கரி எரிக்கிற அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து வந்த அதிகாரி ஓலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் மாவு அப்பின மாதிரி வெள்ளையா இருந்துச்சி.

"இது வெள்ளை ஈ பாட்டிம்மா. சாறை உறிஞ்சிட்டுத் தேன் மாதிரி ஒழுக விடும். அதுல பூஞ்சை புடிச்சுத்தான் கருப்பாவுது. எங்க சாம்பல் இல்ல."

வாசல்ல நின்ன வாட்ச்மேன் சிரிச்சான். "இன்னா ஆயா, ஈ மேல கம்ப்ளெய்ண்ட் குட்க்க வந்துகீற?"

ஓலையை அங்கயே போட மனசு வரல. சுமந்துகினே திரும்பினேன்.

அப்புறம் வேளாண்மை ஆபீஸ்காரர் வந்து பார்த்தார். கஞ்சித்தண்ணி தெளிக்கச் சொன்னார், ஈ வந்து ஒட்டிக்க மஞ்சள் தாளுல விளக்கெண்ணெ தடவிக் கட்டச் சொன்னார். செஞ்சேன். கருப்பு காஞ்சி செதில் செதிலா உதிர்ந்துச்சி. கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சி.

"முன்ன இந்தப் பூச்சி இல்லியே சார்?"

"வெளிநாட்டுலேருந்து வந்ததும்மா. நம்ம சூடு அதுக்கு ஒத்துப்போச்சு. நல்ல மழை அடிச்சா கழுவிட்டுப் போயிடும். இப்ப மழைக்கும் மழைக்கும் நடுவுல காயிற நாள் ஜாஸ்தி. மார்கழியிலயும் குளிர் பத்தல, குஞ்சு சீக்கிரம் பொரிக்குது."

"சூடு ஏன் ஏறிச்சி?"

"உலகம் பூரா கரியை எரிக்கிறோமே"ன்னார். சொல்லிட்டு மரத்துக்கு மேல போற புகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கருப்பு அந்தக் கூண்டுலேருந்து விழல, சரி, ஒத்துக்கறேன். அந்த ஒரு கூண்டுதான் உலகத்தையே காய வெச்சிதுன்னு சொல்ல நான் பைத்தியம் இல்ல. அதுக்கும் பங்கு உண்டா இல்லியா? சாம்பல் இல்லன்னு ஓலையைத் திருப்பிக் காட்டத் தெரிஞ்சவருக்கு இது தெரியாதா? ரெண்டு மரம் காய்ப்பை நிறுத்திடுச்சி. மிச்சம் மூணு. அதுங்களையும் பறிகுடுத்துட்டு வாய மூடிக்கினு குந்தியிருக்க மாட்டேன்.

நாளைக்கு அதே கம்பெனி வாசலுக்குப் போறேன், இதெல்லாம் எழுதின இந்தத் தாளோட. ரெண்டாங்கிளாஸ் எழுத்து, கோணலாத்தான் இருக்கும். எம்பேத்தி படிக்கிற பொண்ணு, தப்பு இருந்தா சொல்லுவா.

பாப்பா, இங்க வா. இத ஒருவாட்டி படிச்சிக் காட்டு. "பங்கு உண்டா"ன்ற எடத்துல தடுக்குதா பாரு. அங்க எவனும் சிரிக்கக் கூடாது.