மிஸ் கதைச்சா நாங்க தோத்திருவம்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மாரி காலம். மட்டக்களப்புப் படுவான்கரையில், மண்டூருக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு சின்னப் பாடசாலையில் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. நான் வகுப்பில் சத்தம் போட்டால் வயல் வட்டைக்குள் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அந்தத் தொண்டை மெல்ல மெல்லக் கரகரக்கத் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், சுக்கு குடித்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை.

கடைசியில் டவுனுக்குப் போய்த் தொண்டை வைத்தியரைப் பார்த்தேன். குரல் நாணில் சின்னக் கட்டியாம்.

"ஒரு மாசத்துக்கு வாயே திறக்கப்படா. குசுகுசுக்கவும் படா. கேக்காட்டி வெட்டித்தான் எடுக்கணும். வெட்டின மறுகா குரல் பழையபடி வருமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார் அவர்.

வாயால் பிழைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் நிற்கவும் வழியில்லை. அம்மா வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்ததோடு என் லீவெல்லாம் முடிந்துபோயிருந்தது. நான் போகாவிட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆளும் இல்லை. "வந்து இருங்க டீச்சர், எழுதிக் காட்டிச் சமாளிங்க" என்றார் பாடசாலை அதிபர்.

முதல் நாள் கரும்பலகையில் என் தொண்டை வருத்தத்தை எழுதினேன். பிள்ளைகள் பாவப்பட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம்தான், பிறகு வகுப்பு சந்தையாகிவிட்டது. கை தட்டினேன், மேசையில் அடித்தேன். ஊமை கண்ட கனவு மாதிரி என் பாடு. ஒரு அதட்டல் போட்டால் போதும் என்று தொண்டை துடித்தது.

வேறு வழி தெரியாமல், பாடப் புத்தகத்துச் சொற்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதினேன். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து, விளையாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரு பிள்ளை துண்டை எடுத்து, அந்தச் சொல்லைச் சொல்லாமல் விளங்கப்படுத்த வேண்டும். அதன் கட்சி கண்டுபிடிக்க வேண்டும். வாய் தவறிச் சொல்லைச் சொன்னால் அவுட்.

முதல் துண்டை எடுத்தவள், வகுப்பிலேயே பெரிய வாயாடி. கொஞ்சம் யோசித்தாள். "எங்கட அப்பா ராவையில பரண்ல இருந்து இதத்தான் காக்கிற. ஆனை வந்தா முதல்ல இதத்தான் தின்னும்" என்றாள். "வெள்ளாமை!" என்று அவள் கட்சி கூரை கிழியக் கத்தியது. நான் எத்தனை தரம் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தும் இவ்வளவு வடிவாக ஒரு பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை.

ஆட்டம் சூடு பிடிக்க, புள்ளிக்குச் சண்டையும் வந்தது. சண்டையை விலக்கப் போய், பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அந்த வாயாடி ஓடிவந்து என் முன்னால் நின்றாள்.

"மிஸ், வேணாம்! இஞ்ச பாருங்க எல்லாரும், ஆரால மிஸ் கதைக்கிறாவோ அந்தக் கட்சி தோத்த. சரியா?"

அன்றைக்கு அவர்களே வைத்த சட்டம் அது. அதன் பிறகு சத்தம் எழும்பினால் "உஷ், மிஸ்!" என்று தங்களுக்குள்ளேயே அடக்கிக்கொள்வார்கள். காலையில் வந்ததும் துண்டுகளை வெட்டுவதும் அவர்கள்தான். வாசிக்கச் சொன்னால் ஒளிகிற பிள்ளைகள்கூட அடுத்தவருக்குக் கஷ்டமான சொல் தேடிப் புத்தகத்தைக் கிண்டினார்கள்.

ஒரு நாள் முன்னறிவித்தல் இல்லாமல் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்துவிட்டார். கறாரான மனிதர். "என்ன டீச்சர், பாட நேரத்தில விளையாட்டா?" என்றார். பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. கரும்பலகையில் எழுதலாம் என்பதே பதற்றத்தில் மறந்துபோனது. வாயெடுத்தேன்.

"மிஸ்!" என்று முழு வகுப்பும் எழும்பி நின்றது. "கேக்காதீங்க சேர், மிஸ்ஸுக்குத் தொண்டைக்குள்ள கட்டி. மிஸ் கதைச்சா நாங்க தோத்திருவம்!"

அவருக்கு முகம் மாறிவிட்டது. பின் வரிசை வாங்கில் போய்ப் பிள்ளைகளோடு இருந்தார். பிள்ளைகள் விடுவார்களா? அவர் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். அதில் தோணி என்று இருந்தது. "ஆத்தில தோணி…" என்று அவர் தொடங்க, "சேர் அவுட்!" என்று வகுப்பு அதிர்ந்தது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது, "நீங்க வாயைத் திறக்க வேணாம் டீச்சர், நல்லாத்தான் நடக்குது" என்றுவிட்டுப் போனார்.

மாதம் முடிய வைத்தியர் பார்த்தார். கட்டி நன்றாக வற்றியிருந்தது, வெட்டத் தேவையில்லை என்றார். மெதுவாகக் கதைக்கலாமாம்.

அடுத்த நாள் வகுப்புக்குள் போய், "வணக்கம் பிள்ளையள்" என்றேன். "ஐயோ, மிஸ் கதைச்சிட்டா!" என்று பதறினார்கள். பிறகுதான் விளங்கியது. ஓடிவந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது நான் வகுப்பில் கத்துவதில்லை, கத்தத் தேவையும் இல்லை. வைத்தியர் பேச்சை விலக்கத்தான் சொன்னார், அந்த விலக்கைக் காத்தது அந்தப் பிள்ளைகள். இன்றைக்கு என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் அவர்கள் எனக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்து திருப்பித் தந்தது.